ஒட்டிக்கொள்ளும் சிவப்பணு

கேள்வி: மலேரியா ரத்த அணுக்கள் எப்படி ஓடுகின்றன, எங்கே ஒட்டுகின்றன என்று கம்ப்யூட்டரில் பார்க்கிறார்களாமே, நுண்ணோக்கியில் பார்த்தால் போதாதா? - வாசகி, தஞ்சாவூர்

பதில்: பார்க்கலாம், ஆனால் கண்ணாடித் தகட்டில்தான். உயிரோடிருப்பவரின் மூளைத் தந்துகிக்குள் (மிக நுண்ணிய ரத்தக்குழாய்) நுண்ணோக்கியை யார் நுழைப்பது?

சுமார் 8 மைக்ரான் அகலமுள்ள சிவப்பணு, தன்னைவிடக் குறுகலான தந்துகியிலும் வளைந்து நெளிந்து போய்விடும். மலேரியா தரும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி உள்ளே வளர வளர அந்த அணு விறைத்துப்போகும், மேலே சின்னச் சின்ன முடிச்சுகள் கிளம்பும், அதிலுள்ள புரதம் ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். எதற்கு? விறைத்த அணுக்களை மண்ணீரல் வடிகட்டிவிடுமே, அதனிடம் சிக்காமல் இருக்கத்தான். கெட்டிக்கார ஒட்டுண்ணி! மூளையில் இப்படி அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். அணுவின் சவ்வை ஸ்பிரிங் வலையாகவும், சுவரோடு உள்ள பிடிப்பை உருவாகி அறுந்துகொண்டே இருக்கும் இணைப்புகளாகவும் எழுதிவிடுகிறார்கள். விறைப்புக்கான எண் ஊகமல்ல. சென்னை ஐஐடியில் படித்த சுப்ரா சுரேஷின் குழு லேசர் இடுக்கியால் (ஒளிக்கற்றையால் பிடித்து இழுக்கும் கருவி) அணுவை இழுத்து அளந்தது, ஒட்டுண்ணி முற்றிய நிலையில் விறைப்பு நல்ல அணுவைப்போல் கிட்டத்தட்ட 10 மடங்கு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் கார்னியடாகிஸ் குழு செய்த கம்ப்யூட்டர் மாதிரியில் ஒட்டிய அணு சீராக உருளாமல் புரண்டு புரண்டு நகர்ந்தது.

எனக்குப் பிடித்தது, விறைப்பை அப்படியே விட்டு ஒட்டுந்தன்மையை மட்டும் குறைத்துப் பார்க்கலாம் என்பதுதான். நிஜ ரத்தத்தில் இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. மருந்து இதிலிருந்து நேராக வந்துவிடாது, காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.