யார்க்கில் இரண்டு நாள்: பணம் எங்கே போகிறது?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். நான், கணவர், 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கோடை விடுமுறையில் சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புகிற மாதிரி யார்க் நகரத்துக்குப் போக ஆசை. ரயிலையும் அறையையும் கூட்டிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கார் கிடையாது. நாங்கள் சைவம். செலவைக் குறைக்க வழி உண்டா, இல்லை வேறு ஊர் பார்க்கலாமா?

பதில்: ஊரை மாற்ற வேண்டாம், கிழமையை மாற்றுங்கள். யார்க்கில் அறை வாடகை எகிறுவது சனிக்கிழமை இரவில்தான். வார இறுதிக் கொண்டாட்டத்துக்கென்று வருகிற கூட்டம் அந்த ஒரு இரவுக்குத்தான் போட்டி போடுகிறது. உங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதால் அந்தப் போட்டியில் நீங்கள் இறங்கத் தேவையில்லை. ஞாயிறு காலை கிளம்பி, அன்றிரவு தங்கி, திங்கள் மாலை திரும்புங்கள். அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தாலும் பெரும்பாலும் லாபம்தான். தேதியை முடிவு செய்யும் முன் நேவ்ஸ்மயர் திடலில் குதிரைப் பந்தயம் எந்தெந்த நாளில் என்று பார்த்துவிடுங்கள். ஆகஸ்டில் ஈபோர் பந்தயம் நான்கு நாள் நடக்கும். அப்போது வார நாளிலும் ஊரில் அறை கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது ரயில். கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க்குக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். எல்.என்.இ.ஆர். மட்டுமல்ல, கிராண்ட் சென்ட்ரல் ரயில்களும் அந்தத் தடத்தில் ஓடுகின்றன. இரண்டின் விலையையும் ஒப்பிடுங்கள். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் அட்வான்ஸ் டிக்கெட்தான் மலிவு. ஆனால் உங்கள் தாமதத்தால் அந்த ரயிலைத் தவறவிட்டால் புது டிக்கெட் எடுக்க வேண்டும், ஆகவே ஹாரோவிலிருந்து கிங்ஸ் கிராஸ் வர நேரம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுகளில் தண்டவாளப் பராமரிப்பு வேலை இருக்கும். பயண நேரம் கூடியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

டிக்கெட் வாங்கும் முன் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு எடுத்துவிடுங்கள். 2025 மார்ச்சிலிருந்து விலை 35 பவுண்டு. பெரியவர்கள் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், 5 முதல் 15 வயது வரையுள்ளவர்கள் கட்டணத்தில் 60 சதவீதம் குறையும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியவருக்கு ஒருவழி 30 பவுண்டு, பிள்ளைக்கு 15 என்று வைத்துக்கொண்டால் நால்வருக்கு 90 ஆகிறது. கார்டு இருந்தால் பெரியவருக்கு 20, பிள்ளைக்கு 6, மொத்தம் 52. போகும்போதே 38 பவுண்டு மிச்சம், கார்டின் விலை அதிலேயே வந்துவிட்டது. திரும்பி வருவதும் அந்த வருடத்தின் மற்றப் பயணங்களும் லாபக் கணக்கில் சேரும். ரயில் நிறுவனங்களின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். சில செயலிகள் பதிவுக் கட்டணம் என்று தனியாகச் சேர்க்கின்றன. அதே டிக்கெட்டுக்கு எதற்குக் கூடுதல் காசு?

அறைக்கு டிராவலாட்ஜ், பிரீமியர் இன் போன்றவற்றின் குடும்ப அறையைப் பாருங்கள். பிரீமியர் இன்னில் ஒரு பெரியவர் முழுக் காலை உணவு வாங்கினால் இரண்டு பிள்ளைகளுக்கு இலவசம். நகரிலிருந்து ஆற்றங்கரை வழியே நடக்கும் தூரத்தில் ஒய்.எச்.ஏ. (இளைஞர் விடுதிச் சங்கம்) விடுதியும் இருக்கிறது, அங்கே சமையலறை உண்டு என்பது சைவக் குடும்பத்துக்குப் பெரிய வசதி. முதலில் ரத்து செய்யக்கூடிய விலையில் போட்டு வையுங்கள். பிறகு விலை இறங்கினால் புதிதாகப் பதிந்துவிட்டுப் பழையதை ரத்து செய்துவிடலாம்.

ஊருக்குள் போய்விட்டால் பர்ஸை அதிகம் திறக்க வேண்டியதில்லை. யார்க்கின் மேல் எனக்குத் தனிப் பிரியமே அதனால்தான். நகரைச் சுற்றிய இடைக்கால மதில் ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர், அதன் மேல் நடக்கக் கட்டணம் இல்லை. 1800ஆம் ஆண்டு நகராட்சியே இதை இடிக்கக் கிளம்பியது. ஊரார் எதிர்த்ததால் பெரும்பகுதி பிழைத்தது. அப்படிப் போராடியவர்களில் ஒருவரான ஓவியர் வில்லியம் எட்டியின் சிலை எக்ஸிபிஷன் சதுக்கத்தில் நிற்கிறது. தினமும் காலை 10.15க்குத் தன்னார்வ வழிகாட்டிகளின் நடை அங்கிருந்துதான் புறப்படுகிறது. 1951 முதல் நடத்துகிறார்கள், இரண்டு மணி நேரம், காசு இல்லை, டிப்ஸும் வாங்குவதில்லை. திங்கள் காலையை அதற்கு ஒதுக்குங்கள். காசு கொடுத்துப் போகும் எந்தச் சுற்றுலாவுக்கும் அது குறைந்ததல்ல.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கும் அனுமதி இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் வேகம் தொட்ட மல்லார்ட் நீராவி இன்ஜினையும் ஜப்பானின் புல்லட் ரயில் பெட்டியையும் விட்டு உங்கள் எட்டு வயதுப் பிள்ளை லேசில் நகராது.

காசு கொடுத்துப் பார்ப்பது ஒன்றே ஒன்று என்றால் நான் மின்ஸ்டர் பேராலயத்தைத்தான் சொல்வேன். அதன் பெரிய கிழக்குச் சன்னலை ஜான் தார்ன்டன் 1405 முதல் 1408 வரை செய்தார். டென்னிஸ் மைதானம் அளவு வண்ணக் கண்ணாடி. பேசிய கூலி மொத்தம் 56 பவுண்டு, அதில் 10 பவுண்டு சொன்ன மூன்று வருடத்துக்குள் முடித்தால் மட்டும்! பெரியவர்களோடு வரும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர்கள் கட்டணமே அதிகம் என்று தோன்றினால் மாலை வழிபாடான ஈவன்சாங்குக்குப் போங்கள். பாடகர் குழுவைக் கேட்க யாரும் இலவசமாக உட்காரலாம். ஆனால் சுற்றிப் பார்க்கவோ படம் எடுக்கவோ முடியாது. பிள்ளைகள் விறுவிறுப்பாக ஏதாவது கேட்டால் யார்விக் வைக்கிங் மையம் போகலாம். 1976 முதல் 1981 வரை காப்பர்கேட்டில் தோண்டி எடுத்த குடியிருப்பின் இடத்திலேயே 1984இல் திறந்தார்கள். விடுமுறையில் வரிசை நீளும், நேரம் பதிந்துவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் கவனம் வேண்டும். யார்க்ஷயரில் மீனும் சிப்ஸும் விற்கும் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். வெறும் உருளைக்கிழங்கு சிப்ஸ்தானே என்று வாங்கிவிடாதீர்கள், எந்த எண்ணெய் என்று கேளுங்கள். யார்க்ஷயர் புட்டிங்கில் முட்டை உண்டு, மேலே ஊற்றும் கிரேவி பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு. மதியத்துக்கு சூப்பர் மார்க்கெட் மீல் டீல் (சாண்ட்விச், நொறுக்குத் தீனி, பானம் சேர்ந்த தொகுப்பு) வாங்கி மியூசியம் கார்டன்ஸில், செயின்ட் மேரி மடத்தின் இடிபாடுகளுக்கு நடுவே புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். இரவு உணவகத்தில் தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். மது விற்க உரிமம் உள்ள இடங்கள் கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும். பில்லில் சர்வீஸ் சார்ஜ் விருப்பத்துக்கு உட்பட்டது என்று போட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

கேள்வி: யார்க்கில் ஒரு அறையை இணையத்தில் பதிந்தேன், பணம் திரும்பாத விலை. மூன்றாம் நாளே திட்டம் மாறிவிட்டது. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்கிறார்களே?

பதில்: அந்த உரிமை 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட தேதிக்கான தங்கும் அறைக்கும் பயண டிக்கெட்டுக்கும் அது பொருந்தாது. ரத்து என்று கேட்காமல், தேதியை மாற்றித் தர முடியுமா என்று விடுதிக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் சில விடுதிகள் ஒப்புக்கொள்ளும். விடுதியே ரத்து செய்தால் கதை வேறு. பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். அறை விலை 100 பவுண்டுக்கு மேல் என்றால் பிரிட்டிஷ் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். விடுதி திவாலானால் 1974ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியிடம் கேட்கலாம். உங்கள் மனம் மாறியதற்கு அது உதவாது.

கேள்வி: லீட்ஸில் படிக்கிறேன். சென்னையிலிருந்து அம்மா, அப்பா வருகிறார்கள், இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. யார்க்கில் ஓர் இரவு தங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. லீட்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அறைக்கு வைத்திருந்த பணத்தில் மூவரும் உட்கார்ந்து நல்ல உணவகத்தில் சாப்பிடுங்கள். இந்த ஒரு பயணத்துக்காக சீனியர் ரயில்கார்டு எடுப்பது லாபமில்லை. லண்டன், எடின்பரோ என்று அவர்களோடு நீண்ட பயணம் இருந்தால் மட்டும் எடுங்கள், கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம். மதில் ஏறும் படிகள் செங்குத்தானவை, சில இடங்களில் ஓரத்தில் தடுப்புக் கம்பியும் கிடையாது. முழங்கால் வலி இருந்தால் அதை விட்டுவிட்டு லெண்டல் பாலம் வழியாக மின்ஸ்டர் வரை மெதுவாக நடத்திக் கூட்டிப் போங்கள். ஞாயிறு காலை வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். வார நாளில் போவது நல்லது.