வியட்நாம் மக்களைப் பற்றி அறிய எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்?

போரைப் பற்றி நிறையப் படித்தாயிற்று, இனி பண்பாடு, புலம்பெயர்ந்தோர் வாழ்க்கை என்று போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் படித்தது யார் எழுதிய போர் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்காததால்தான் அமெரிக்காவின் சான் ஓசேயில் ஒரு விருந்தில் எனக்கு மானம் போனது.

என் அப்பா பழைய தோழர். எங்கள் கூடத்தில் சாமி படம் மாட்டும் இடத்தில் வட வியட்நாமின் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் இருந்தார். வியட்நாம் என்றால் எனக்கு அந்த மெல்லிய தாடிதான். வேலைக்காக சான் ஓசே வந்தபோது பக்கத்து வீட்டில் வியட்நாமியக் குடும்பம். கடைகளில் மஞ்சள் துணியில் மூன்று சிவப்புக் கோடுகள் போட்ட கொடி பறக்கும். ஏதோ திருவிழாக் கொடி என்று நினைத்துக்கொண்டேன். அது 1975இல் இல்லாமல் போன தென் வியட்நாமின் கொடி.

தெத் புத்தாண்டுக்கு அழைத்தார்கள். முன்னோர் மாடத்தில் ஊதுவத்திப் புகைக்குப் பின்னால் சீருடையில் ஓர் இளைஞனின் படம். வாழையிலையில் உருளையாகக் கட்டி வேகவைத்த பான் தெத் என்ற அரிசிப் பலகாரத்தை அந்த வீட்டுப் பெரியவர் நூலாலேயே வட்டம் வட்டமாக அறுத்துக்கொண்டிருந்தார். நெருக்கம் காட்டுவதாக நினைத்து, "எங்கள் வீட்டிலும் உங்கள் ஹோ சி மின் படம் இருக்கிறது" என்றேன். நூல் பாதி அறுத்த இடத்திலேயே நின்றது. மகள்தான் மெதுவாகச் சொன்னாள்: படத்தில் இருப்பவர் சித்தப்பா, போரில் இறந்தவர். அப்பா தோற்ற பக்கத்து அதிகாரி, போர் முடிந்தபின் ஆறு வருடம், வென்றவர்கள் 'மறுகல்வி' என்று பெயர் வைத்த சிறை முகாமில் கிடந்தவர்.

உடனே 'அமெரிக்கா போய் மாறிவிட்டான்' என்று எழுத வருபவர்களுக்கு: நான் கட்சி மாறவில்லை, குண்டு போட்டவனுக்கு வக்காலத்தும் வாங்கவில்லை. அப்பா மாட்டிய ஹோ சி மின் படம் அங்கேயேதான் தொங்குகிறது.

அந்த மகள் கொடுத்த புத்தகத்தையே உங்களுக்கும் சொல்கிறேன்: தி புய் வரைந்த 'த பெஸ்ட் வி குட் டூ'. 1978இல் படகேறி மலேசிய முகாமுக்குப் போன தன் குடும்பத்தின் கதையை, தானும் தாயான பிறகு பெற்றோரிடம் கேட்டுக் கேட்டு வரைந்திருக்கிறார். ஒரே மாலையில் முடித்துவிடலாம், அன்றிரவு தூக்கம் வராது. பிறகு பாவ் நின்னின் 'போரின் துயரம்'. வென்ற பக்கத்துச் சிப்பாய் எழுதியது, ஆனால் வெற்றிக் களிப்பைத் தேடினாலும் கிடைக்காது. அவர் படைப்பிரிவில் போன ஐந்நூறு பேரில் மிஞ்சியவர்கள் பத்துப் பேர். 2016இல் புலிட்சர் பரிசு பெற்ற 'த சிம்பதைசர்' மூன்றாவதாக இருக்கட்டும். இரு பக்கமும் தெரிந்தால்தான் அதில் கதை சொல்லும் ஒற்றனின் குத்தல் உறைக்கும்.

அதை எழுதியவரின் Nguyen என்ற குடும்பப் பெயரை நம் பத்திரிகைகள் 'நுகுயென்' என்று போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதன் முதல் ஒலிக்கென்றே நம்மிடம் ஓர் எழுத்து சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆத்திசூடியில் 'ஙப்போல் வளை' படித்துவிட்டு 'ங்வியென்' என்று எழுதக் கை வரவில்லையா? ஆங்கில எழுத்தை எண்ணி எண்ணித் தமிழாக்குகிறார்கள்.

பண்பாடு கேட்டீர்களே, ங்வியென் ஸூவின் 'கியூ' காவியம் இருக்கிறது, 3,254 வரிகள். புத்தகமே தொடாத பக்கத்து வீட்டுப் பெரியவர் அதில் பத்து வரியை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். வியட்நாமிய மொழியில் 'நான்', 'நீ' என்பதற்கும் உறவுமுறைச் சொற்கள்தான். அப்பாவைவிட மூத்தவர் 'பாக்', இளையவர் 'சூ', நம் பெரியப்பா சித்தப்பா மாதிரி. பக்கத்து வீட்டுப் பெரியவர் என் அப்பாவுக்கு நான்கு வயது மூத்தவர். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பெருமையில் ஒருநாள் 'பாக்' என்று கூப்பிட்டேன். 'சூ' போதும் என்றார். ஹோ சி மின்னை அங்கே 'பாக் ஹோ' என்பார்கள். அதனாலா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.