நன்றிக்கடனுக்கு பேங்க் லோன் வேண்டாம், தம்பி

மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 34. ஐந்து வருடத்துக்கு முன்னால் பைப்போலார் (மனம் சில காலம் அளவுமீறித் துள்ளி, சில காலம் சோர்ந்துபோகும் நோய்) என்று கண்டுபிடித்து, தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டர், ரத்தப் பரிசோதனை என்று ஒழுங்காக இருந்து, மூன்று வருடமாக ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அண்ணன் செம்பனைப் பழம் ஏற்ற ஒரு பழைய லாரி வாங்கப் போகிறாராம். தம்பியின் பெயரில் 20,000 வெள்ளி (ரிங்கிட்) பெர்சனல் லோன் எடுத்துத் தரச் சொல்கிறார். “நோயாக இருந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். மறுக்க முடியவில்லை. லோன் எடுப்பதா, ஈபிஎஃப் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கில் இருப்பதை முதலில் கொடுப்பதா? மனநோய்க்கும் பணம் தருகிற ஒரு இன்சூரன்ஸ் இருக்கிறதாம், அதையும் எடுக்கலாமா?” என்று கேட்கிறார்.

தம்பி, பணத்தைப் பிறகு பேசுவோம். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரமாக இரவு ஷிஃப்ட், அதற்கு மேல் ஓவர்டைம், தூக்கம் மூன்று மணி நேரம்தான், “ஆனாலும் களைப்பே தெரியவில்லை” என்று. ஓவர்டைம் போய்விடும் என்று போன மாத அப்பாயின்ட்மென்ட்டுக்கும் போகவில்லை. தூங்காமலே தெம்பாக இருப்பது உங்கள் நோயில் நல்ல சேதி இல்லை. அது உங்களுக்கே தெரியும். போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று நீங்களே இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தவுடன் கிளினிக்குக்கு போன் செய்து, தவறிய தேதிக்குப் பதில் சீக்கிரமாக ஒரு தேதி கேளுங்கள். தூக்க விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது சம்பளச் சீட்டுக்கு வருவோம். அடிப்படைச் சம்பளம் 1,900. ஈபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) பிடித்தது போக கைக்கு வருவது சுமார் 1,680. அம்மாவுக்கு வீட்டுச் செலவு 600, சாப்பாடு 250, பெட்ரோல் 120, போன் 50, மோட்டார் தவணை 210. இப்போது வாங்கிப் பிறகு தவணையில் கட்டும் பே லேட்டர் ஆப்பில் அண்ணன் மகனுக்கு வாங்கிக் கொடுத்த போனுக்கு மாதம் 180. அப்புறம், இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே அண்ணனுக்காக நீங்கள் எடுத்த 12,000 லோனுக்கு மாதம் 280. மொத்தம் 1,690. ஓவர்டைம் இல்லாவிட்டால் பத்து வெள்ளி துண்டு விழுகிறது.

அந்தப் பழைய லோனில் அண்ணன் ஐந்து மாதம் கட்டினார், அப்புறம் நிறுத்திவிட்டார். மீதிப் 19 மாதமும் கட்டியது நீங்கள், 5,320 வெள்ளி. இன்னும் 36 மாதம், 10,080 வெள்ளி பாக்கி. இதைச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே புது லோனைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்களே!

20,000 வெள்ளியை ஐந்து வருடத்துக்கு, நிலை வட்டி (கட்டக் கட்டக் குறையாமல் முழுத் தொகைக்கும் போடும் வட்டி) வருடத்துக்கு 8 சதவீதம் என்று வையுங்கள். வட்டி மட்டும் 8,000. மாதத் தவணை 467. உங்கள் ஓவர்டைம் மணிக்கு 13 வெள்ளி 70 காசு வருகிறது. 467-ஐ அதால் வகுத்துப் பாருங்கள். மாதம் 34 மணி நேரம், நான்கு நான்கு மணி நேரமாக எட்டு ஒன்பது இரவு, அதுவும் ஐந்து வருடம். நீங்கள் அடமானம் வைக்கப்போவது தூக்கத்தை. உங்களுக்குத் தூக்கமும் மாத்திரை மாதிரிதான். அந்த ஓவர்டைம் பணத்துக்கு ஈபிஎஃப்கூடப் பிடிப்பதில்லை, வயதான காலத்துக்கு அதில் ஒரு காசும் சேராது.

சிகிச்சைக்கு ஆகும் செலவையும் பார்ப்போம். அரசு மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் கட்டணம் 5 வெள்ளி. சுங்கை சிப்புட்டிலிருந்து போய்வர பெட்ரோல் 15 என்று வையுங்கள். ஒரு நாள் சம்பளமே போனாலும் 73. ஆக ஒரு தடவைக்கு 93, வருடத்துக்கு நான்கு தடவை, 372 வெள்ளி. ஒரு வருடச் சிகிச்சை புது லோனின் ஒரு மாதத் தவணைக்குக்கூட வரவில்லை. போன தடவை வேலை போய் ஏழு மாதம் வீட்டில் இருந்தீர்கள். இன்றைய சம்பளக் கணக்கில் அது 11,760 வெள்ளி. இதில் மிச்சம் பிடிக்கிறேன் என்று அப்பாயின்ட்மென்ட்டை விட்டால் எப்படி?

நன்றியைப் பற்றி. அண்ணன் உங்களைக் காரில் தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கூட்டிப்போனார், வாரா வாரம் சாப்பாடு கொண்டுவந்தார். பெரிய விஷயம். நம் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லியே கேலி செய்கிறவர்கள் நடுவில் அவர் உங்களோடு வந்தார், அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் சண்டை வரும்போதெல்லாம் “உன்னை யார் கூட்டிப்போனது?” என்று கேட்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேட்கும்போதெல்லாம் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். உங்களைக் கெடுப்பது இந்தப் பழக்கம்தான், நோய் இல்லை. நீங்கள் மறுபடி படுத்தால் பார்க்கப்போவதும் அதே அண்ணன்தான், அதே அம்மாதான். நீங்கள் நன்றாக இருப்பது அவருக்கும் லாபம்.

அவரிடம் நேராகப் பேசுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கட்டும். “அண்ணே, என் பெயரில் இனி கடன் எடுக்க முடியாது. ராத்திரி வேலை செய்தால் எனக்கு மறுபடி வந்துவிடும்” என்றால் போதும், அது உண்மையும்கூட. லாரி நிஜமாகவே தொழிலுக்கு என்றால், சிறு வியாபாரிகளுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குனில் இந்திய வியாபாரிகளுக்கென்றே ஸ்புமி என்ற கடன் திட்டம் இருக்கிறது. அவர் பெயரில், அவர் கையெழுத்தில் கேட்கட்டும். பேங்க் அவருக்கு ஏன் தரவில்லை என்பதையும் நீங்கள் கேட்கலாம், தப்பில்லை.

பழைய லோன் உங்கள் பெயரில் இருப்பதால் பேங்க்குக்கு அண்ணன் யாரென்றே தெரியாது. தவணை தவறினால், பேங்க்குகள் கடன் வரலாறு பார்க்கும் சிசிஆர்ஐஎஸ் பதிவில் நிற்பது உங்கள் பெயர். சமாளிக்க முடியாத நாள் வந்தால், கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகேயில் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள், பேங்க்கோடு பேசித் தவணையைக் குறைக்கவும் பார்ப்பார்கள். வட்டிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள்.

இன்சூரன்ஸ் இப்போது வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள். “அதை ஃபாரத்தில் எழுதாதீர்கள்” என்று ஏஜென்ட் சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மறைத்து எடுத்த பாலிசி கேட்கிற நேரத்தில் கைவிரித்துவிடும். மாதம் 200 வெள்ளியை அதில் போடும் நிலையிலும் நீங்கள் இல்லை. ஈபிஎஃப் மூன்றாவது கணக்கில் உள்ள 1,200-ஐத் தொடாதீர்கள். மாதா மாதம் 45 வெள்ளி அளவில்தான் அதில் சேர்கிறது, எடுத்தால் நிரம்ப வருடக் கணக்காகும்.

பே லேட்டர் தவணை இன்னும் நான்கு மாதம்தான். அதுவரை துண்டு விழுகிற பத்து வெள்ளிக்கு மாதம் ஒரு மணி நேர ஓவர்டைம் போதும். அதையும் பகலில் செய்யுங்கள். இரவு ஷிஃப்ட் கூடாது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி ஆபீஸில் கொடுக்கலாம், அதில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை. நான்கு மாதம் கழித்து 180 வெள்ளி விடுபடும். ஆப்பை அன்றைக்கே அழித்துவிடுங்கள். மாதம் 170 போட்டால், மூன்றாவது கணக்கையும் சேர்த்து, இரண்டு வருடத்துக்குள் 5,000 வெள்ளி, அதாவது மூன்று மாதச் செலவு கையில் இருக்கும். மாதா மாதம் போடும் பணத்தை நிலையான வைப்பில், நீங்களும் உங்கள் அக்காவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று வையுங்கள். போன தடவை ஒரே வாரத்தில் 9,000 வெள்ளிக்குப் பொருள் வாங்கியதாகச் சொன்னீர்கள் அல்லவா, அதனால்தான் இரண்டு கையெழுத்து. ஆன்லைனில் பணம் அனுப்பும் தினசரி வரம்பையும் இப்போதே குறைத்து வையுங்கள்.

கிளினிக் போவதே சிரமம் என்றால், இடையில் வரும் மாத்திரைகளை சுங்கை சிப்புட்டிலேயே வாங்க வழி இருக்கிறது. மருந்து கொடுக்கும் இடத்தில் ஸ்பப் என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனைக்கும் டாக்டரைப் பார்க்கவும் நேரில் போகத்தான் வேண்டும். புதுத் தேதி கிடைத்ததும் கிளினிக் கார்டில் மட்டும் விட்டுவிடாமல், சமையலறையில் அம்மா தொங்கவிட்டிருக்கும் காலண்டரிலும் பெரிதாக எழுதுங்கள். தேதி எப்போது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.