மினியாபோலிஸ் வாசலுக்கு வெடேலியா வேண்டாம் அக்கா

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: மகள் அமெரிக்காவில் மினியாபோலிஸில் வீடு வாங்கியிருக்கிறாள், மே கடைசியில் போய் மூன்று மாதம் தங்கப்போகிறேன், வாசலில் வெயில் காயும் ஒரு சரிவு, மேப்பிள் மரத்தடியில் புல்லே பிடிக்காத ஒரு மொட்டை நிலம், நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மஞ்சள் பூவோடு தரையை மூடிக் கிடக்கிறதே வெடேலியா, அதில் நாலு தண்டு கொண்டுபோய் நட்டால் வருமா?

வராது அக்கா. கோடையில் நன்றாகப் படர்ந்து ஆசை காட்டும். முதல் உறைபனி விழுந்த மறுநாள் பார்த்தால் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் துவண்டு கிடக்கும். மண் ஒட்டிய செடியை அந்த நாட்டுக்குள் விடவும் மாட்டார்கள்.

அங்கே செடி வாங்குமுன் ஓர் எண்ணைப் பாருங்கள். ஒவ்வோர் ஊரிலும் வருடத்தின் மிகக் குளிரான இரவு சராசரியாக எவ்வளவு இறங்கும் என்று பார்த்து அமெரிக்க வேளாண் துறை மண்டலம் பிரித்து வைத்திருக்கிறது. எண் குறையக் குறையக் குளிர் அதிகம். 2023 வரைபடத்தில் மினியாபோலிஸ் 4-க்கும் 5-க்கும் எல்லையில் இருக்கிறது, அதாவது மைனஸ் 29 டிகிரி செல்சியஸை ஒட்டி. தொட்டியில் செருகியிருக்கும் அட்டையில் மண்டலம் 4 அல்லது அதற்கும் கீழே என்று இருந்தால் எடுங்கள். 5-லிருந்துதான் தொடங்குகிறது என்றால் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சரிவுக்குப் படரும் ஃபிளாக்ஸ்தான் என் முதல் தேர்வு. மண்டலம் 3 வரை தாங்கும், வசந்தத்தில் இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூக்கும். நடுநடுவே படரும் தைம் என்ற வாசனைச் செடி வைக்கலாம், ஆனால் தண்ணீர் தேங்கினால் அது குளிர்காலத்தில் அழுகிவிடும். குளிர்காலத்தில் பனி உருகப் பாதையில் உப்பு தூவுவார்கள், அந்த ஓரத்துக்குத் தரையோடு படரும் ஜூனிப்பர் என்ற ஊசியிலைப் புதர் வையுங்கள், உப்பை ஓரளவு தாங்கும்.

மேப்பிளடிதான் கஷ்டம். வேர் மேலாகவே பின்னிக் கிடக்கும், நிழலும் அடர்த்தி. வேரை வெட்டாதீர்கள், மேலே மண் கொட்டி மூடவும் கூடாது. வேர்களுக்கு நடுவே கை போகிற இடமாகப் பார்த்து, கனடா காட்டு இஞ்சியின் சின்னக் கன்றுகளை ஓரடிக்கு ஒன்றாக நடுங்கள். இதய வடிவ இலை, அந்தப் பக்கத்துக் காட்டுச் செடியேதான். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வசந்தத்தில் திரும்ப வரும், செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். கிழங்கைக் கிள்ளினால் அசல் இஞ்சி வாசம் வரும் அக்கா, தயவுசெய்து தேநீரிலோ ரசத்திலோ போட்டுவிடாதீர்கள், அதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சு இருக்கிறது. விங்கா என்ற படரும் செடி சீக்கிரம் மூடும் என்று கடையில் சொல்வார்கள், அது காட்டுக்குள் பரவி மற்றதை நெருக்கிவிடும், வேண்டாம்.

நான் அந்த ஊரில் நாலு குளிர்காலம் தோட்ட வேலை செய்தேன். வெறும் குளிரைவிட அதிகமாகச் செடிகளை நான் இழந்தது மார்ச்சில்தான். மூடிக்கிடக்கும் பனி செடிக்குப் போர்வை மாதிரி. அது போனபிறகு பகலில் ஈரமண் இளகி, இரவில் உறைந்து, உப்பி உப்பிக் கன்றை மேலே தள்ளிவிடும், வேர்க்கட்டி பாதி வெளியே வந்து காற்றில் காய்ந்துபோகும். அதனால் இந்தக் கோடையில் வேர் நன்றாக இறங்கும்படி விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். நவம்பரில் தரை உறைந்த பிறகு, அதற்கு முன்னால் அல்ல, மகளைக் காய்ந்த இலையை லேசாகப் பரப்பச் சொல்லுங்கள். அப்புறம் மார்ச்சில் வாரம் ஒருமுறை அவள் சுற்றிப் பார்த்து, எழும்பி நிற்கும் கன்றைக் கையால் அழுத்தி உள்ளே இறக்கிவிடட்டும்.