கணினி கேள்வி-பதில்: பழைய உபுண்டுவில் திறக்காத பில்

கேள்வி: மளிகைக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருளை சி பிளஸ் பிளஸ் நிரல்மொழி, கியூட்டி 5 (திரைச் சாளரங்கள் அமைக்கும் நூலகம்) கொண்டு எழுதுகிறோம். உபுண்டு லினக்ஸ் 22.04 உள்ள எங்கள் மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது. லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் உபுண்டு 20.04. அங்கே போட்டால் ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்று நின்றுவிடுகிறது (ஜிலிப்சி: லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம்). டாக்கரில் (நிரல்களைத் தனிச் சூழலுக்குள் ஓட்டும் கருவி) பில்டு செய்தால், அதாவது மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றினால், சரியாகுமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: சரியாகும். ஆனால் கண்டெய்னருக்குள் (டாக்கர் தரும் அந்தத் தனிச் சூழல்) எந்த லினக்ஸை வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உபுண்டு 22.04 இமேஜை (கண்டெய்னர் உருவாகும் அச்சு) வைத்தால் அதே பிழைதான் வரும்.

உபுண்டு 20.04இல் இருப்பது ஜிலிப்சி 2.31, 22.04இல் 2.35. இடையில் வந்த 2.34இல் திரெட் நூலகம் (ஒரே நிரலில் பல வேலைகளை இணையாக ஓட்ட உதவுவது) முதன்மை நூலகத்தோடு இணைந்தது. நிரலைத் தொடங்கிவைக்கும் சார்புக்கும் புதிய பதிப்பு எண் வந்தது. அதனால் 22.04இல் பில்டு செய்தால், ‘வணக்கம்’ என்று மட்டும் அச்சிடும் நிரல்கூட 2.34ஐக் கேட்கும். பழைய ஜிலிப்சியில் பிறந்த நிரல் புதியதில் ஓடும். புதியதில் பிறந்தது பழையதில் ஓடாது. ஆகவே உங்கள் வாடிக்கையாளர்களிடம் உள்ளதிலேயே பழைய பதிப்பை, அதாவது 20.04 இமேஜை, அடித்தளமாக வையுங்கள்.

டாக்கர்ஃபைலில் (இமேஜைக் கட்டும் கட்டளைக் கோப்பு) ஆப்ட் என்ற பொதி நிறுவும் கருவியின் அப்டேட்டையும் இன்ஸ்டாலையும் ஒரே ‘ரன்’ வரியில் எழுதுங்கள். பிரித்தால் பழைய பொதிப் பட்டியல் கேஷில் (சேமித்த நகலில்) தங்கி, சில வாரங்கள் கழித்துப் பொதி கிடைக்காமல் பில்டு உடையும். நிறுவலின் நடுவே நேர மண்டலம் கேட்டு அப்படியே காத்து நிற்பதும் 20.04இல் வழக்கம். டெபியன் ஃப்ரண்ட்எண்ட் மாறியை ‘நான்இன்டராக்டிவ்’ என்று வைத்தால் கேட்காது.

மூல நிரல் கோப்புறையைக் கண்டெய்னருக்குள் மவுண்ட் செய்து (இணைத்து), பில்டுக்குத் தனிக் கோப்புறை கொடுங்கள். மடிக்கணினியில் உருவான சிமேக் (பில்டுக்கான அமைப்பைத் தயாரிக்கும் கருவி) கேஷ் உள்ளே போனால் பாதை பொருந்தாமல் நின்றுவிடும். 20.04இன் சிமேக் 3.16 என்பதால், உங்கள் கோப்பு அதைவிடப் புதியதைக் கேட்கிறதா என்றும் பாருங்கள். ‘யூசர்’ விருப்பத்தில் உங்கள் பயனர் எண்ணைத் தராவிட்டால், வெளிவரும் கோப்புகள் ரூட் (நிர்வாகி) பெயரில் இருக்கும், சாதாரணப் பயனராக அழிக்கவும் முடியாது.

கியூட்டி நூலகங்களையும் சேர்த்துக் கட்ட லினக்ஸ்டிப்ளாய் என்ற கருவி மூலம் ஆப்இமேஜ் (தேவையானதெல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) ஆக்குங்கள். கண்டெய்னரில் பொதுவாக ஃபியூஸ் (ஆப்இமேஜைத் திறக்க உதவும் லினக்ஸ் வசதி) இருக்காது. லினக்ஸ்டிப்ளாயும் ஆப்இமேஜாகவே வருவதால் அந்தக் கருவியை ‘எக்ஸ்ட்ராக்ட் அண்ட் ரன்’ விருப்பத்தோடு ஓட்ட வேண்டும். கடைக்கு அனுப்பும் முன் ஆப்ஜ்டம்ப் (நிரல் கோப்பின் உள்விவரம் காட்டும் கருவி) கொண்டு நிரல் எந்த ஜிலிப்சி பதிப்புகளைக் கேட்கிறது என்று பாருங்கள். 2.31ஐத் தாண்டிய எண் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்தச் சோதனையையும் ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள். கையால் செய்வது ஒருநாள் மறந்துபோகும்.

கேள்வி: விண்டோஸ் இன்ஸ்டாலரையும் மேக் பதிப்பையும் லினக்ஸ் கண்டெய்னரிலேயே முடிக்கலாமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: விண்டோஸுக்கு முடியும். மிங்டபிள்யூ (விண்டோஸ் நிரல்களை உருவாக்கும் கருவி) கொண்டு கம்பைல் செய்து, ஒயினில் (லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) இன்னோ செட்டப் என்ற இன்ஸ்டாலர் கருவியை ஓட்டி இன்ஸ்டாலர் எடுக்கலாம். மென்பொருளுக்கு இடும் மின்கையொப்பத்தை மட்டும் கண்டெய்னருக்கு வெளியே வையுங்கள். 2023 ஜூன் முதல் புதிய கையொப்பச் சான்றிதழ்களின் தனிச்சாவி பாதுகாப்பு வன்பொருளில்தான் இருக்க வேண்டும். பழைய சாவிக்கோப்பு இருந்தாலும் இமேஜுக்குள் நகலெடுக்காதீர்கள். அடுத்த வரியில் அழித்தாலும் இமேஜின் முந்தைய லேயரில் (அடுக்கில்) அது அப்படியே இருக்கும். மேக் பதிப்பைக் கட்டி, கையொப்பமிட ஒரு மேக் கணினியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண்டெய்னரில் எக்ஸ்விஎஃப்பி (உண்மைத் திரை இல்லாமலே திரைபோல் இயங்கும் மென்பொருள்) வைத்துத் திரைச் சோதனை செய்கிறோம். தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. பில்லில் நேரமும் 8 மணி நேரம் பின்தங்குகிறது.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இமேஜில் தமிழ் எழுத்துரு இல்லை, நோட்டோ எழுத்துருப் பொதியை நிறுவுங்கள். கண்டெய்னரின் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறது. நேர மண்டலப் பொதியை நிறுவி, டிஇசட் மாறியில் ஆசியா/கோலாலம்பூர் என்று கொடுங்கள். லொக்கேலை (மொழி, எழுத்துக் குறியீட்டு அமைப்பு) சி யூடிஎஃப்-8 ஆக்கிவிட்டால் தமிழ்க் கோப்புப் பெயர்களும் சிதையாது.