விலை ஒரு கணம் மாறிப் பழையபடியே ஆகிறதா?

பலகாரக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தம் இணையப் பக்கத்தில் ‘ஒரு கிலோ’ என்ற பொத்தானை அழுத்தினால் விலை 300 ரூபாயிலிருந்து 600 ரூபாயாக மாற வேண்டும், மாறவும் செய்கிறது, ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் பழைய விலையே திரும்பி வந்துவிடுகிறது. தளம் முழுவதையும் ரியாக்ட் என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு புதிதாக எழுதினால்தான் இது சரியாகும் என்று ஒருவர் பெருந்தொகை கேட்கிறாராம்.

அந்தத் தொகையைக் கொடுக்காதீர்கள். விலை ஒரு கணமாவது மாறுகிறது என்றால் உங்கள் ஸ்கிரிப்ட், அதாவது விலையை மாற்றும் சிறு நிரல், தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். அந்தப் பொத்தான் ஒரு படிவத்துக்குள், அதாவது ஃபார்ம் டேகுக்குள் (<form>), இருக்கிறதா என்று பாருங்கள். படிவத்துக்குள் உள்ள பட்டன் டேகில் அதன் டைப் குறிப்பிடப்படாவிட்டால், பிரவுசர் அதைச் ‘சப்மிட்’ பொத்தானாகவே, அதாவது படிவத்தை அனுப்பும் பொத்தானாகவே, எடுத்துக்கொள்ளும். ஆகவே விலை மாறிய மறுகணமே படிவம் அனுப்பப்பட்டு, பக்கம் சர்வரிலிருந்து மீண்டும் ஏற்றப்பட்டு, அங்கே எழுதியிருக்கும் பழைய விலை திரையில் வந்து நிற்கிறது. அழுத்திய பின் முகவரிப் பட்டையின் கடைசியில் ஒரு கேள்விக்குறி முளைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். டைப் என்பதற்குப் ‘பட்டன்’ என்ற மதிப்பைக் கொடுங்கள் (type="button"); ஒரு சொல்தான், அதற்கா ஒரு புதிய தளம்? சொல்லாமலே அனுப்பிவிடும் இந்த வழக்கத்தை, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் விதிகள் இத்தனை ஆண்டுகளாகக் கட்டிக் காத்து வருவதும், புதிதாகக் கற்பவர்கள் இதிலேயே அரை நாளைத் தொலைப்பதும் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

ஒரு விதிவிலக்கை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். பின்கோடை உள்ளிட்டு டெலிவரிக் கட்டணத்தைத் தெரிந்துகொள்ளும் படிவம் உங்களிடம் இருந்தால், அதன் பொத்தானை மேலே சொன்னபடி மாற்றக் கூடாது. பலர் பொத்தானைத் தொடாமல் என்டர் விசையைத்தான் தட்டுவார்கள். எழுதும் கட்டம் ஒன்றே ஒன்றாக இருக்கும் படிவத்தில், சப்மிட் பொத்தான் இல்லாவிட்டாலும் என்டர் படிவத்தை அனுப்பிவிடும். பொத்தானின் கிளிக்கை மட்டும் கவனிக்கும் உங்கள் ஸ்கிரிப்டுக்கு அது தெரியவே வராது. எனவே இங்கே பொத்தான் சப்மிட்டாகவே இருக்கட்டும். ஸ்கிரிப்ட் பொத்தானின் ‘கிளிக்’ நிகழ்வை விட்டுவிட்டு, படிவத்தின் ‘சப்மிட்’ நிகழ்வைக் கவனிக்க வேண்டும். அதன் முதல் வரியிலேயே ‘பிரிவென்ட்டிஃபால்ட்’ (preventDefault) கட்டளையை அழைத்து அனுப்புதலை நிறுத்திவிட்டு, பிறகு கட்டணத்தைக் காட்ட வேண்டும். அந்த வரியைக் கடைசியில் வைத்தால், இடையில் ஏதேனும் பிழை நேரும்போது அது ஓடாமலே போய், பக்கம் மறுபடியும் ஏற்றப்படும்.

விலையைத் திரையில் எழுத, எதையும் வெறும் எழுத்தாகவே காட்டும் ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ (textContent) போதும். கொடுப்பதை ஹெச்டிஎம்எல்லாகவே எடுத்துக்கொள்ளும் ‘இன்னர்ஹெச்டிஎம்எல்’ (innerHTML) வழியே, குறிப்பாக வாடிக்கையாளர் தட்டச்சு செய்த பெயரையோ கருத்தையோ, ஒருபோதும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். பெயர் என்ற போர்வையில் பிறருடைய நிரல் உங்கள் பக்கத்தில் ஓடும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. கிளிக்கில் மாறும் விலை வாடிக்கையாளரின் பிரவுசரில் உள்ள வெறும் காட்சி. மலிவாக வேலை முடித்துத் தருபவர்கள் அதே விலையைப் படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத மறைகட்டம் ஒன்றில் வைத்துப் பணம் செலுத்தும் பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிரவுசரிலேயே உள்ள டெவலப்பர் கருவியைத் திறந்து 600 ரூபாயை 6 ரூபாயாக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. படிவத்திலிருந்து பண்டமும் எடையும் மட்டுமே செல்ல வேண்டும். விலையைச் சர்வர்தான் கணக்கிட வேண்டும். உங்கள் தளத்தில் அப்படித்தான் நடக்கிறதா என்பதை, பணம் பெறும் பகுதியை எழுதித் தந்தவரிடம் இன்றே கேளுங்கள்.