விடியலில் குறுக்கே வரும் தூரத்து எஃப்.எம்.: பூஸ்டர் போடலாமா?

கேள்வி: சில நாள் விடியற்காலையில் நான் கேட்கும் எஃப்.எம். நிலையத்தை அமுக்கிவிட்டு, 300 கி.மீ. தள்ளியிருக்கும் நிலையம் பாடுகிறது. ஒன்பது மணிக்கெல்லாம் சரியாகிவிடுகிறது. ஆன்டெனா பழுது, பூஸ்டர் போடுங்கள் என்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: வேண்டாம். வெயில் ஏறியதும் தானாகச் சரியாகும் பழுது எந்த ஆன்டெனாவிலும் கிடையாது.

கோளாறு காற்றில் இருக்கிறது. எஃப்.எம். அலை நேராகப் போவதாகச் சொல்வார்கள். உண்மையில் சற்றுக் கீழே வளைந்துதான் போகும். தரையருகே காற்றில் அடர்த்தியும் ஈரமும் அதிகம், அலை அந்தப் பக்கம் சாயும். மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து ஈரமாகக் கிடக்க, வெதுவெதுப்பான உலர்ந்த காற்று மேலே மூடி போட்டதுபோல் உட்காரும். அப்போது அலை பூமியின் வளைவையே மிஞ்சி வளைந்து, மூடிக்கும் தரைக்கும் நடுவே குழாய்க்குள் ஓடுவதுபோல் வெகுதூரம் ஓடிவிடும். வெயிலில் தரை சூடானதும் காற்று கலங்கி மூடி கலைந்துவிடும்.

பூஸ்டருக்கு உங்கள் நிலையம் எது, வந்தேறி எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கும். மெக்கானிக் மதியம் வந்து எதையோ திருகி, "பாருங்க, சரியாயிடுச்சு" என்பார். அது காலையிலேயே சரியாகியிருக்கும்! ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள், வரமாட்டார். தூரத்து நிலையம் வேறு திசையிலிருந்து வந்தால் மட்டும், ஒரே திசையைப் பார்க்கும் யாகி ஆன்டெனா கொஞ்சம் உதவும்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பாதீர்கள். மீடியம் வேவில் இரவில் தூரத்து நிலையங்கள் கேட்பது வேறு கதை. அது சுமார் 100 கி.மீ.க்கு மேலே, மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை. மழை, பனி, ஈரம் எதற்கும் அதில் பங்கில்லை. திரும்பவும் சொல்கிறேன், மீடியம் வேவ் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி விளக்கம் சொல்லும் கடைக்காரர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

அலைவரிசை ஒதுக்குபவர்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. இப்படிப்பட்ட குறுக்கீடு 1 சதவீத நேரம் வந்தால் பரவாயில்லை என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். காகிதத்தில் சின்ன எண்தான். ஆனால் வருடத்துக்கு சுமார் 88 மணி நேரம். அதுவும் வருடம் முழுக்கப் பிரிந்து வராது, அமைதியான வானிலை நீடிக்கும் வாரங்களில் மொத்தமாக வந்து விழும். புகார் எழுதிப் பாருங்கள்: "தங்கள் ரிசீவரைச் சரிபார்க்கவும்" என்று பதில் வரும். எனக்கே வந்திருக்கிறது.